கிரெம்ளினில் ஒரு கணினி: பொட்டி தட்டுபவர்களின் நக்கல் வரலாறு



மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். பேப்பரில் புதிதாக ஒரு விஞ்ஞானச் செய்தி வந்தால் நாமெல்லாம் "அடேங்கப்பா" என்போம். பொட்டி தட்டுபவர்களோ அதைப் படித்து முடிப்பதற்குள் கலாய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நாள் முழுக்க ஆணி பிடுங்குகிற அலுப்பு, அதைத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இந்த நக்கலுக்கு ஒரு முறையான வரலாறு இருக்கிறது. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு ஆவணமாகவே இருக்கிறது. அதில் ஒரு ஜோக், டாங்கிகள் ஓடிய தெரு வரைக்கும் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் பி.காம் படிக்கிறவன். கணினியோடு எனக்கு இருக்கும் உறவு டேலி வரைக்கும்தான் :-) அதனால் தொழில்நுட்பத்தை எனக்குப் புரிந்த அளவில், எளிமையாகத்தான் சொல்லப் போகிறேன். துறை சார்ந்தவர்கள் பொறுத்தருள்க.

போன பத்தியில் ஒரு சிரிப்பான் போட்டேன் இல்லையா, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1982 செப்டம்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே கணினித் துறையில் இருந்தவர்களுக்கு ஒரு மின் அறிவிப்புப் பலகை இருந்தது. யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதிப் போடலாம். கருத்தரங்க அறிவிப்பு, தொலைந்த சாவி, வெட்டி அரட்டை, எல்லாம் ஒரே இடத்தில். அதில் ஒருவர் ஒரு இயற்பியல் புதிர் போட்டார். ஒரு லிஃப்ட். சுவரில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. தரையில் ஒரு சொட்டு பாதரசம். லிஃப்ட்டின் கம்பி அறுந்து அது விழ ஆரம்பிக்கிறது. மெழுகுவர்த்திக்கும் பாதரசத்துக்கும் என்ன ஆகும்?

நல்ல கேள்விதான். விழுகிற லிஃப்ட்டுக்குள் எடை என்ற உணர்வே இருக்காது. சூடான காற்று மேலே போவது எடை வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் சுடர் கூர்மையாக எரியாது, உருண்டையாகிச் சோர்ந்துபோகும். பாதரசமும் தரையில் தட்டையாக உட்கார்ந்திராமல் உருண்டுகொள்ளும். (பிளஸ் டூவில் இயற்பியல் எடுத்த நண்பனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.)

நம் ஆட்கள் விடை சொன்னதோடு நின்றார்களா? இன்னொருவர் 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்டு ஒரு அறிவிப்பு போட்டார். சமீபத்தில் நடந்த ஓர் இயற்பியல் பரிசோதனையால் இடது கோடியில் இருக்கும் லிஃப்ட்டில் பாதரசம் கொட்டிவிட்டது, லேசான தீ சேதமும் உண்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் சுத்தம் செய்துவிடுவார்கள் என்பது சாராம்சம். முதலிலிருந்து படித்தவர்கள் சிரித்தார்கள். நடுவில் வந்து இதை மட்டும் படித்தவர்கள் நிஜம் என்று நம்பினார்கள். பாதரசம் விஷம் அல்லவா, நம்பியதில் தப்பே இல்லை. நம்மூர் கல்லூரியில் 'ஆய்வகத்தில் ஆசிட் கொட்டிவிட்டது' என்று பலகையில் எழுதிப் போட்டால் அடுத்த நிமிடம் மாடி காலியாகிவிடும்.

இங்கே ஒரு பிரச்சனை புலப்பட்டது. நேரில் பேசினால் முகத்தைப் பார்த்து 'கடிக்கிறான்' என்று தெரிந்துகொள்ளலாம். எழுத்தில் முகம் இல்லை. அப்படியானால் ஜோக்குக்கு ஏதாவது அடையாளம் போடலாமே என்று விவாதம் ஆரம்பித்தது. நட்சத்திரக் குறி போடலாம் என்றார் ஒருவர். விழுக்காட்டுக் குறி என்றார் இன்னொருவர். செப்டம்பர் 19 காலை 11:44 மணிக்கு ஸ்காட் ஃபால்மன் என்ற ஆய்வாளர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போட்டு, தலையைச் சாய்த்துப் பாருங்கள் என்று எழுதினார். அவ்வளவுதான், :-) பிறந்துவிட்டது. கூடவே ஒரு குத்தலும் வைத்தார்: இப்போது போகிற போக்கைப் பார்த்தால் ஜோக் அல்லாதவற்றுக்கு அடையாளம் போடுவதுதான் சிக்கனமாக இருக்கும் என்று. அதற்காக அவர் கொடுத்த குறிதான் :-( என்பது. இன்று அதைச் சோகத்துக்குப் பயன்படுத்துகிறோம். முதலில் அதற்கு அர்த்தம் 'இது சீரியஸ்' என்பதே!

அந்த மூலச் செய்தி ரொம்ப நாள் காணாமல் போயிருந்தது. 2002ல், சரியாக இருபது வருடம் கழித்து, பழைய காந்த நாடாக்களைத் தேடிப்பிடித்து ஓடவைத்து அதை மீட்டார்கள். அதனால்தான் நிமிடம் வரைக்கும் நமக்குத் தெரிகிறது.

சரி, அடுத்தது நான் முதலில் சொன்ன டாங்கி விஷயம்.

1984ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். (நாமெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை, அது வேறு.) பனிப்போர் உச்சத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை சோவியத் படை சுட்டு வீழ்த்தியிருந்தது. 1984 பிப்ரவரியில் ஆந்த்ரோபவ் இறந்துபோக, செர்னென்கோ சோவியத் தலைவரானார். அந்தச் சமயம் யூஸ்நெட் என்று ஒரு வலை இருந்தது. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இருந்த கணினிகள், ஒன்றுக்கொன்று டெலிபோன் போட்டுக்கொண்டு கடிதங்களைக் கைமாற்றிவிடும் ஏற்பாடு. நம்மூர் தபால் வண்டி ஊர் ஊராக நின்று பையை இறக்கி ஏற்றுவது மாதிரிதான். பெரும்பாலும் அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும்தான் அதில் இருந்தன.

ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வலையில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர்: செர்னென்கோ. அனுப்பிய கணினியின் பெயர்: கிரெம்வாக்ஸ். சோவியத் யூனியன் இந்த வலையில் இணைந்துவிட்டது, அமெரிக்க, ஐரோப்பிய மக்களோடு மனம் திறந்து பேச விரும்புகிறோம், இந்த மகிழ்ச்சியில் ஒரு வோட்கா அருந்துவோம் என்ற ரீதியில் போயிற்று கடிதம். அது கடந்துவந்த வழியாக மாஸ்க்வாக்ஸ், கேஜிபிவாக்ஸ் என்று வேறு கணினிகளின் பெயர்களும் இருந்தன.

இதில் சிரிப்பு எங்கே என்றால், அந்த 'வாக்ஸ்' என்ற சொல்லில். வாக்ஸ் என்பது அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் தயாரித்த கணினி. அதை சோவியத் நாட்டுக்கு விற்பது தடை செய்யப்பட்டிருந்தது. கள்ளத்தனமாகப் போன ஒரு வாக்ஸை 1983ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் பிடித்தே இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சாமான் கிரெம்ளின் மாளிகைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, உளவுத்துறை வழியாகக் கடிதம் அனுப்புகிறது என்றால்! துறையில் இருந்தவர்களுக்கு முதல் வரியிலேயே சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனாலும் நிறைய பேர் நம்பினார்கள். வரவேற்றவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. இரண்டு வாரம் கழித்துத்தான் பீட் பேயர்டெமா என்பவர் 'நான்தான் எழுதினேன்' என்று ஒத்துக்கொண்டார். நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் கடிதம் போய்வந்த முக்கியக் கணினியே அந்த மையத்தில்தான் இருந்தது. தபால்காரரே போலிக் கடிதம் போட்டால் யார் கண்டுபிடிப்பது?

இதே 1984 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரீகன், வானொலி ஒலிபரப்புக்கு முன் மைக் சோதனை செய்யும்போது, ரஷ்யாவைச் சட்டப்படி ஒழித்துவிட்டதாகவும் ஐந்து நிமிடத்தில் குண்டு வீச்சு ஆரம்பம் என்றும் தமாஷ் செய்து, அது வெளியே கசிந்து உலகமே பதறியது. இரண்டு ஜோக்குகளில் எது மேல் என்று கேட்டால் நான் ஆம்ஸ்டர்டாம்காரருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஒருவர் குண்டு வருகிறது என்று கற்பனை செய்தார். இன்னொருவர் கடிதம் வருகிறது என்று கற்பனை செய்தார்.

ஆறு வருடம் ஓடியது. 1990ல் நிஜமாகவே மாஸ்கோவிலிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. டெமோஸ் என்ற பெயரில் சில நிரலாளர்கள் ஒரு கூட்டுறவு அமைப்பு நடத்திவந்தார்கள். அவர்களும் குர்ச்சதோவ் அணு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்களும் சேர்ந்து ரெல்காம் என்ற வலையை உருவாக்கி, பின்லாந்துக்கு டெலிபோன் போட்டு ஐரோப்பிய வலையோடு இணைந்தார்கள். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் நம்பவில்லை! 'போய்யா, 84லேயே இதைப் பார்த்தாச்சு' என்ற மாதிரி எதிர்வினை. டெமோஸில் இருந்த வாதிம் அந்தோனவ் என்ற நிரலாளருக்குப் பழைய கதை நன்றாகவே தெரியும். பொறுத்துப் பார்த்தவர், ஒரு கட்டத்தில் 'ஆமாம், நான் ஒரு புரளிதான்' என்று சர்வ சாதாரணமாக எழுதிச் சந்தேகக்காரர்களை இன்னும் குழப்பிவிட்டார். அத்தோடு விடவில்லை. தங்கள் நுழைவாயில் கணினிக்குக் கிரெம்வாக்ஸ் என்றே பெயர் வைக்க ஏற்பாடு செய்தார். பொய்யில் பிறந்த பெயர் ஒரு நிஜ இயந்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

1991 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. கோர்பச்சேவ் கிரிமியாவில் விடுமுறை மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தார். அவசரநிலைக் குழு என்று எட்டுப் பேர் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். மாஸ்கோ தெருக்களில் டாங்கிகள். பெரும்பாலான பத்திரிகைகளுக்குத் தடை. தொலைக்காட்சியைத் திறந்தால் 'ஸ்வான் லேக்' நாட்டிய நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யக் குடியரசின் தலைவர் யெல்ட்சின் ஒரு டாங்கி மேல் ஏறி நின்று, இது சட்டவிரோதம், யாரும் கீழ்ப்படிய வேண்டாம் என்று அறிக்கை படித்தார். ஆனால் அந்த அறிக்கை மாஸ்கோவைத் தாண்டி எப்படிப் போவது?

அச்சகத்தையும் தொலைக்காட்சியையும் பூட்டியவர்கள், டெலிபோன் கம்பி வழியாக ஓடிக்கொண்டிருந்த இந்தச் சின்ன வலையைத் தொடவில்லை. டெமோஸ்காரர்கள் கணினிகளை விட்டு எழுந்திருக்கவில்லை. யெல்ட்சினின் ஆணைகள் தட்டச்சாகி ஊர் ஊராகப் போயின. வெளியூர்களில் இருந்தவர்கள் தங்கள் ஊரில் என்ன நடக்கிறது, படை நகர்கிறதா இல்லையா என்று திருப்பி எழுதினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பியவற்றில் சிலவற்றை ரஷ்ய மொழியிலேயே, ஆங்கில எழுத்துக்களில் தட்டி அனுப்பினார்கள். (நாம் தங்கிலீஷில் அடிப்பது மாதிரி, கொஞ்சம் உயிர் பயத்தோடு.) வெளிநாட்டு ஆட்கள் ஆர்வக்கோளாறில் கேள்வி மேல் கேள்வி கேட்டு அனுப்ப, இருக்கிற ஒரே ஒல்லிக் கம்பியை அடைக்காதீர்கள் என்று மாஸ்கோவிலிருந்து கெஞ்ச வேண்டிய நிலையும் வந்தது. ஆகஸ்ட் 21க்குள் அந்தப் புரட்சி பிசுபிசுத்துப் போனது. ஆனால் அன்று அதிகாலை மாஸ்கோ தெருவில் மூன்று இளைஞர்கள் இறந்திருந்தார்கள். ஜெயித்திருந்தால் அந்த எட்டுப் பேர் இந்த நிரலாளர்களை என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

எங்கள் பாடத்தில் நற்பெயர் என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. நிறுவனம் கைமாறும்போதுதான் அதற்கு விலை போடுவார்கள். கிரெம்வாக்ஸ் என்ற பெயருக்கு 1984லிருந்து ஒரே ஒரு நற்பெயர்தான் இருந்தது: 'இது சுத்தப் பொய்'. அதே பெயர் தாங்கிய வலையை அந்த மூன்று நாள் சோவியத்தின் பல ஊர்களில் நம்பகமான ஒரே செய்தி வழியாக வைத்திருந்தார்கள். எந்தப் பேரேட்டில் இதைப் பதிவது என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டால் திட்டுவார்.

கிட்டத்தட்ட இதே காலத்தில் இன்னொரு பக்கம் புறாக்கள் பறந்துகொண்டிருந்தன.

இணையத்தின் விதிமுறைகள் எல்லாம் ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண் போட்ட ஆவணங்களாக வெளிவருகின்றன. முதலாவது 1969 ஏப்ரலில். படு வறட்சியான எழுத்து, கம்பெனிச் சட்டத்துக்குச் சற்றும் குறையாதது. அதே வரிசையில், அதே நடையில், ஏப்ரல் 1ஆம் தேதிகளில் மட்டும் சில விஷமங்கள் புகுந்துவிடும். 1978லேயே ஒருவர், கணினிகள் அவ்வப்போது தகவலைத் தொலைத்துவிடுவதை முறைப்படி ஒரு வசதியாகவே அறிவித்துவிடலாம் என்று எழுதினார். ஆனால் வரிசையில் ராஜா என்றால் 1990ல் டேவிட் வெய்ட்ஸ்மன் எழுதிய 1149தான். இணையத் தகவலைப் புறாக்கள் மூலம் அனுப்பும் முறை! தகவலைச் சின்னச் சுருளில் அச்சடித்து, புறாவின் காலில் ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும். ஒரு பொட்டலத்தின் அளவை எழுத்துக் கணக்கில் சொல்லாமல் மில்லிகிராமில் சொல்லியிருப்பார், 256 மில்லிகிராம் என்று. தணிக்கைத் தடம் தானாகவே உருவாகிவிடும் என்று ஒரு வரி வருகிறது. தணிக்கை பாடத்தில் அந்த வரி நினைவுக்கு வந்தால் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

எழுதியதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழு நிஜப் புறாக்களை வைத்து இதைச் செய்தே காட்டியது. ஒன்பது பொட்டலம் அனுப்பி நான்குக்குப் பதில் வந்தது. மிக வேகமான பதிலுக்கு ஆன நேரம் ஐம்பத்து மூன்று நிமிடம். நாம் இதைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் அதே 2001ல் நம் நாட்டில் ஒரிசா காவல்துறை நிஜமாகவே புறாத் தூது சேவை வைத்திருந்தது, 1946லிருந்து. அடுத்த வருடம்தான் அதை நிறுத்தினார்கள். அவர்களிடம் இந்த ஜோக்கைச் சொல்லியிருந்தால் 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது' என்று கேட்டிருப்பார்கள்.

2009ல் தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. இணைய வேகத்தில் வெறுத்துப்போன ஒரு நிறுவனம், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் நான்கு ஜிகாபைட் நினைவுக்குச்சியைக் கட்டிப் பறக்கவிட்டது. அதே தகவலை அதே நேரத்தில் இணையத்திலும் அனுப்பியது. புறா வந்து சேர்ந்து, தகவலைக் கணினியில் இறக்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. இணையத்தில் அதுவரை வந்திருந்தது நான்கு சதவீதம். :-(

(ஃபால்மன் சொன்ன அர்த்தத்தில்தான் போட்டிருக்கிறேன்.)

கடைசியாக ஒரு தேநீர்ப் பானை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் காபிக் குடுவை ஒரு அறையில், ஆட்கள் வேறு மாடிகளில். நடந்து போய்க் காலிக் குடுவையைப் பார்த்து ஏமாறுவதைத் தவிர்க்க 1991ல் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்து, ஊர் உலகமே ஒரு காபிக் குடுவையை வேடிக்கை பார்த்தது. இந்த மாதிரிச் செய்திகளின் காலத்தில், எதை எடுத்தாலும் இணையத்தோடு இணைக்கிறார்களே என்று கேலி செய்து 1998 ஏப்ரல் 1ல் லாரி மாசின்டர் ஓர் ஆவணம் எழுதினார். காபி இயந்திரத்தை இணையம் வழியாக இயக்கும் விதிமுறை. அதில், தேநீர்ப் பானையிடம் போய்க் காபி கேட்டால் அது திருப்பிச் சொல்ல வேண்டிய பிழை எண் 418: 'நான் ஒரு தேநீர்ப் பானை'. பக்கம் கிடைக்காவிட்டால் 404 என்று வருகிறதே, அந்தக் குடும்பம்தான்.

நிரலாளர்கள் இதை நிஜ மென்பொருள்களுக்குள் எழுதிவைத்துவிட்டார்கள். 2017ல் இந்த விதிமுறைகளைக் கவனிக்கும் குழுவின் தலைவர் மார்க் நாட்டிங்ஹாம், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். 400 முதல் 499 வரை நூறு எண்கள்தான் உண்டு, ஒரு ஜோக்குக்காக ஒன்றை வீணடிப்பானேன்? பற்றாக்குறை வளத்தை எப்படிப் பங்கிடுவது என்று முதல் வருடப் பொருளாதாரத்தில் படித்தவன் என்ற முறையில் நான் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் '418ஐக் காப்போம்' என்று ஒரு தளம் ஆரம்பிக்க, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அவன் பின்னால் திரண்டார்கள். பையன் ஜெயித்தான். 2022 ஜூனில் வந்த புதிய விதிமுறையில் 418 என்ற எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்த நாட்களில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தை வெளிநாடுகளிலிருந்து திறக்கப் பார்த்தவர்களுக்குப் பக்கம் வரவில்லை. பிழை எண் ஒன்றுதான் வந்தது. அனுமதி இல்லை என்று சொல்ல 403 என்ற எண் முறைப்படி இருக்கிறது. அதைப் போடவில்லை. மாஸ்கோ பக்கத்தில் யாரோ ஒரு பொட்டி தட்டுபவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது 418.

அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு. முடித்துவிட்டு வந்து வேறு எதையாவது எழுதுகிறேன். பின்னூட்டத்தில் யாராவது ஜோக் அடிப்பதாக இருந்தால் மறக்காமல் சிரிப்பான் போட்டுவிடுங்கள்.